பைலட் இறங்கும் இடம்

செப்டம்பர் 4, வியாழன்

மதிய ரயிலில் எங்கள் பழைய ஊரான த்ரியெஸ்தேவுக்கு வந்து சேர்ந்தோம். ஒன்றுவிட்ட தங்கை லிவியா மலைக்குப் போயிருக்கிறாள். பதினான்காம் தேதி கிரேக்கத் தீவு கோர்ஃபுவுக்குக் கப்பல் ஏறும்வரை அவள் வீடு எங்களுக்கு.

ரயில் நிலையத்திலிருந்து என் கணவர் துல்லியோ எனக்கு முன்னால் நடந்தார். பாதுவாவில், மகள் எரிகாவின் வீட்டுத் தெருமுனையிலேயே திகைத்து நிற்கிற மனிதர், இங்கே ஒரு திருப்பத்தில்கூடத் தயங்கவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ரயில் ஏற்றிவிடும்போது எரிகா சொன்னது காதிலேயே இருக்கிறது. "கப்பல் ஏறுற வரைக்கும் பாரும்மா. அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, ஒரே ஒண்ணு, கப்பல் கிடையாது. நடுக்கடல்ல யாரக் கூப்பிடுவே?"

சரி என்றேன். ஏதாவது ஒன்று என்றால் எது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

கண் விழித்தபோது நீல ஜாக்கெட் போட்டு, தலை வாரி, கதவருகே நிற்கிறார்.

"இன்னிக்கு எந்தக் கப்பல்?"

"இன்னிக்கு உனக்கு லீவு."

"யாரு சொன்னா?"

"ஃபுல்வியோ."

பழைய நண்பன் பெயரைச் சொன்னதும் நம்பி உட்கார்ந்துவிட்டார். துறைமுக பைலட் வேலையிலிருந்து, கப்பல்களுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டுப் படகில் திரும்புகிற வேலையிலிருந்து, ஓய்வுபெற்று எத்தனையோ வருடம் ஆகிறது.

டீச்சராக இருந்தபோது பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லித்தருவேன். இந்த இடத்தில் போதவில்லையா, பக்கத்து இடத்தில் வாங்கிக்கொள். துல்லியோவும் அதைத்தான் செய்கிறார். இன்றைக்குப் போதாதபோது பழைய வருடங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறார். மருத்துவர் சொன்ன நீளமான பெயரைவிட எனக்கு இது புரிகிறது.

செப்டம்பர் 6, சனி

சதுக்கத்துக் கடையில் ஃபுல்வியோ காத்திருந்தான். இருவரும் ஒன்றாகப் பைலட் வேலை பார்த்தவர்கள். கண்ணாடித் தம்ளரில் காப்பி வந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"டேய், வாழ்நாள் பூரா கப்பல் கப்பலா ஏறினியே, ஒரு ஊருக்காவது போயிருக்கியா? அலைதாங்கிச் சுவர் தாண்டினதும் கயித்தேணியில இறங்கி, படகுல தொத்திக்கிட்டு, பொண்டாட்டிகிட்ட ஓடி வந்துடுவே. டிக்கெட் வாங்கிக் கப்பல் ஏறப் போற மொதல் பைலட் நீதான்டா. சங்கத்துல தெரிஞ்சா மானம் போயிடும்."

துல்லியோ நிதானமாகச் சர்க்கரையைக் கலக்கினார். "என் வீட்ல காப்பி நல்லாருக்கும், ஓடி வந்தேன். உன் வீட்டுக் காப்பிக்கு நீ ஆஸ்திரேலியா வரைக்கும் போயிருக்கணும்."

கடையே சிரித்தது. அந்த நிமிடம் முழு மனிதராக இருந்தார். என் கண் கலங்கியதை ஃபுல்வியோ பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒன்றும் பெரிய ஆசை இல்லை. வகுப்பில் குச்சியை வைத்து வரைபடத்தில் கோர்ஃபுவைக் காட்டியவள் நான். போனதில்லை. கோர்ஃபுவுக்குப் போகிற கப்பல்களைக் கரைதாண்டிக் கொண்டுபோய் விட்டவர் அவர். அவரும் போனதில்லை. ஒரே ஒரு முறை இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சுவரைத் தாண்டிப் போக வேண்டும். நான் யார் என்று அவருக்குத் தெரியும்போதே.

செப்டம்பர் 8, திங்கள்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வெயில் நன்றாக இருக்கிறதே என்று பெதோச்சினுக்குக் குளிக்கப் போனோம். இந்த ஊர்க்காரியாக இருந்ததால் வந்த தப்பு. வேறு எந்த ஊர்க் கடற்கரையாக இருந்தாலும் அவர் என் பக்கத்திலேயே இருந்திருப்பார். பெதோச்சினில்தான் நடுவே வெள்ளைச் சுவர் தண்ணீருக்குள் இறங்குகிறதே — ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசலில் பிரிந்து, வாசலில் சேர்ந்து வீட்டுக்குப் போவோம். இன்றும் துண்டை அவர் கையில் கொடுத்து, "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யோசிக்கவே இல்லை. கால் தானாக வலப்பக்கம் திரும்பியது.

எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. யாரைத் தனியாக அனுப்பினேன்?

சுவரருகே ஓடிக் கத்தினேன். "துல்லியோ!"

இந்தப் பக்கப் பெண்கள் சிரித்தார்கள். சுவரைத் தாண்டிப் புருஷனைக் கூப்பிடுவது இங்கே தினசரிக் கூத்து. ஒருத்தி சொன்னாள்: "விடுக்கா, ஒரு மணி நேரமாவது நிம்மதியா இருக்கட்டும் அந்த மனுஷன்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "துல்லியோ இல்ல, நான் இருக்கேன், பரவால்லியா?"

"அவருக்கு ஞாபகம் இருக்காது! தேடுங்க!" என்று அலறினேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அதே குரல், இப்போது கேலி இல்லாமல்: "வயசானவர் ஒருத்தர் நேரா நீந்திப் போனாரும்மா. மிதவையெல்லாம் தாண்டி."

காவல்காரப் பையன் படகில் போய்க் கொண்டுவந்தான். களைப்போ பயமோ எதுவும் இல்லை அவரிடம். மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாராம். என் துண்டைச் சுற்றிவிட்டபோது கோபமாகச் சொன்னார்: "கப்பல் போய் எவ்வளவு நேரமாச்சு. நம்ம படகு வரவே இல்லையே நிவெஸ்? யாரு இன்னிக்குப் படகுல?"

படகு வரும் என்று காத்திருந்திருக்கிறார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எரிகா போன் செய்தாள். "நல்லா இருக்கோம், நல்ல வெயில்" என்றேன். வெயில் உண்மை.

செப்டம்பர் 10, புதன்

போரா காற்று. ஜன்னல்கள் அடித்துக்கொள்கின்றன. ஃபுல்வியோ தொப்பியைக் கையால் அழுத்திக்கொண்டு வந்தான். பெதோச்சின் கதை ஊர் முழுக்கத் தெரியும் போலிருக்கிறது.

"டீச்சர், கப்பல்ல எல்லாப் பக்கமும் கடல். அவன் எந்த நிமிஷமும் இறங்கணும்னு கிளம்புவான். அவன் உடம்புக்குத் தெரிஞ்சது அதுதான்."

"கையப் புடிச்சுக்கிட்டே இருப்பேன்."

"தூங்கும்போதும்?"

"இன்னிக்கு வரைக்கும் நல்லாத்தானே..."

"பாஸ் மார்க்க மொதல்லயே போட்டுட்டு, அப்புறம் பரீட்சை வெக்கிறீங்க. உங்க வகுப்புல எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா விட்டிருப்பீங்களா?"

கதவைக் காட்டினேன். அவன் போகவில்லை. துல்லியோவோடு சீட்டாடிவிட்டு, தோற்றுப்போய், சாயங்காலம்தான் போனான்.

கோபமெல்லாம் அவன் மேல் இல்லை. யார் மேல் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

செப்டம்பர் 11, வியாழன்

எரிகாவிடம் சொல்லிவிட்டேன். சுவர், மிதவை, படகு எல்லாம். கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளி வைத்திருந்தேன். தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

"அப்பா போக முடியாதும்மா."

"தெரியும். ரெண்டு டிக்கெட்டையும் ரத்து பண்ணிடு."

"உன் டிக்கெட்ட எதுக்கு?"

"என்னடி பேசுறே? அவரை விட்டுட்டா?"

"என்கிட்ட விட்டுட்டு. நான் லீவு போட்டு வரேன். நீ கடைசியா எப்போம்மா ஒரு நாள் முழுசாத் தூங்கினே?"

வைத்துவிட்டேன்.

எப்படிப் போவேன்? சாப்பிட உட்கார்ந்தா என்னைத் தேடுவாரு. சட்டைப் பொத்தான் யாரு போடுவா? சேர்ந்து போகணும்னுதானே... தனியாப் போறதுக்குப் பேரு என்ன? தப்பிச்சு ஓடுறதா?

ஆனால் எரிகா கேட்டபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

காற்று அடங்கிவிட்டது. கல் துறையின் நுனிவரை நடந்து, கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். அவரிடம் கேட்காமல் முடிவு செய்ய மனம் வரவில்லை. அவருக்கு விளங்குமோ இல்லையோ, கேட்பது என் கடமை.

"துல்லியோ, ஞாயித்துக்கிழமை ஒரு கப்பல் கிளம்புது. நான் போகட்டுமா?"

கடலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். தொழில்காரரின் பார்வை.

"பைலட் யாரு?"

"யாரோ புதுப் பையன்."

"போரா நின்னுடுச்சு. தண்ணி நல்லாருக்கு." என் முழங்காலைத் தட்டினார். "போகலாம். தடை இல்ல."

எனக்குச் சொன்னாரா, கப்பலுக்குச் சொன்னாரா?

செப்டம்பர் 13, சனி

எரிகா வந்துவிட்டாள். பெட்டியிலிருந்து அவர் உடைகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். பாதிப் பெட்டி காலி.

செப்டம்பர் 14, ஞாயிறு. கப்பலில்

காலையில் யோட்டா சூப் நிறையவே வைத்துவிட்டு வந்தேன். பீன்ஸ் குழைய வேகாவிட்டால் அவர் தொடமாட்டார். எரிகாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

துறையில் அவர் எனக்குக் கை கொடுத்தார். முத்தம் கொடுக்கவில்லை. கேப்டனுக்குக் கொடுப்பது போல, ஒரு முறை அழுத்திக் குலுக்கி, "நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றார். ஃபுல்வியோ பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். நான் ஏணிப்பாலத்தில் திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன்.

எல்லோரும் மேல்தளத்தில் ஊரைப் படம் பிடித்தார்கள். நான் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றேன். அலைதாங்கிச் சுவர் பின்னால் போனது. கயிற்றேணியைக் கீழே விட்டார்கள். சின்னப் படகு கப்பலை ஒட்டியபடியே ஓடி வந்தது. ஆரஞ்சு அங்கி போட்ட பையன் ஒருவன் முதுகைக் காட்டி இறங்கினான். கடைசிப் படியில் நின்று, அலை தூக்கும் தருணத்துக்காகக் காத்திருந்து, கால் மாற்றினான். இவ்வளவு ஆபத்தான வேலையா இது? வீட்டுக்கு வந்து ஒருநாளாவது சொன்னாரா?

படகு ஊரைப் பார்த்துத் திரும்பியது. அந்தப் படகு திரும்பி வருவதற்காகத்தான் நான் காலமெல்லாம் கரையில் காத்திருந்தேன். இன்று அது சின்னதாகிக்கொண்டே போவதை இந்தப் பக்கமிருந்து பார்த்தேன்.

போன் சிக்னல் போவதற்குள் எரிகாவின் செய்தி வந்தது. "அம்மா, நாங்க இன்னும் துறையிலதான் இருக்கோம். பைலட் படகு உள்ளே வந்துச்சு. அதப் பாத்ததும் அப்பா எந்திரிச்சுட்டாரு. 'நிவெஸ்கிட்ட போய்ச் சொல்லு, நான் வந்துட்டேன்னு' சொல்றாரு. என்ன சொல்லட்டும்?"

கப்பல் அப்போது கரையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில் எழுதினேன்.

"சாப்பாடு தயாரா இருக்குன்னு சொல். கை கழுவிட்டு வரச் சொல்."