அக்காவோடு உள்ளே போவது யார்

காட்டூர், திருச்சி.
9-8-1987

அன்புள்ள செல்லக்கிளிக்கு,

சுராயா முதலில் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். பிறகுதான் அக்காவின் வயிற்றில் கை வைத்தாள். நான் முதலில் கவனித்தது அதைத்தான். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

உன் அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மேட்டூர் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? இங்கே பேட்ரிசியா அக்காவுக்கு இது பிரசவ மாசம். அத்தான் லாரியோடு வடக்கே போயிருக்கிறார். சமையல், துணி, தண்ணீர் எல்லாம் நான்தான். அதனால்தான் பதில் தாமதம்.

சுராயா என்றால் எட்டாவதில் நம் பெஞ்சில் இருந்த அதே சுராயா. அறிவியல் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவள். அம்மா இறந்ததும் நான் பள்ளியை விட்டு நின்றேன். அவள் பத்தாவது முடித்து, பிரசவம் பார்க்கும் நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டாள். இப்போது தெருவில் வரும்போதே பக்கத்து வீட்டுக்காரர்கள் "வாங்க சிஸ்டர்" என்கிறார்கள். நம் அப்பாக்கள் வயதுக்காரர்கள்கூட! எங்கள் அப்பா அவளுக்கு நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

அவர்கள் வகுப்பில் பாடம் நடத்தும் டியூட்டர் ஒரு புது வழக்கம் வைத்திருக்கிறாராம். ஒவ்வொரு மாணவியும் ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்குப் போய், பிரசவம் எப்படி நடக்க வேண்டும் என்று அவள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். வலியில் நடக்க ஆசையா, படுக்க ஆசையா, பக்கத்தில் யார் இருக்க வேண்டும், எல்லாம். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி, தலைமாட்டில் பெருமாள் தீர்த்தம் வேண்டும் என்றாராம். அதையும் எழுதிக்கொண்டார்களாம்.

போன பிரசவம் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வீட்டு ஆள் ஒருவரையும் பிரசவ அறைக்குள் விடவில்லை. குழந்தையும் தங்கவில்லை. அதை அக்காவே சுராயாவிடம் சொன்னாள். "தண்ணி கேட்டாக்கூட ஆள் இல்லம்மா. என்ன நடக்குதுன்னு யாரும் சொல்லல" என்றாள். இந்த முறை ஒருவர் உள்ளே வரலாம், யார் வேண்டும் என்று சுராயா கேட்டாள். நான் காபியோடு கதவருகே நின்றேன்.

"நீயே இரு சுராயா. இவளைக் கூட்டிட்டுப் போனா மயங்கி விழுவா, இவளுக்கும் ஒரு கட்டில் போடணும்" என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அதோடு விட்டாளா? பிள்ளைக்கு முதன்முதலில் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைக்கும் சேனையையும் அவளே வைக்க வேண்டுமாம். "வைக்கிறவங்க குணந்தான் புள்ளைக்கு வரும். இவ வச்சா அதுவும் வாயில்லாப் பூச்சியாப் போயிடும்!"

காபி டம்ளரை நங்கென்று வைத்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சேனை மட்டும் கூடாது, முதலில் தாய்ப்பால்தான் என்று சுராயா சொன்னதும் அக்காவின் முகம் வாடியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

நேற்று சுராயா மறுபடி வந்தாள். கண் சிவந்திருந்தது. எழுதியதை வகுப்பில் படித்தபோது டியூட்டர் நிறுத்திவிட்டாராம். "கூட இருக்கிறவ நீயா? உனக்கு டியூட்டி மாறினா அந்த அம்மா மறுபடி தனியாத்தானே கிடப்பாங்க? நர்ஸுன்னு வந்து நிக்கிற உன்கிட்ட அவங்க மறுத்துச் சொல்லுவாங்களா? இது தாயோட திட்டமா, உன் திட்டமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். அதை ஒன்றையும் மறைக்காமல் எங்களிடம் சொன்னாள். அழுதவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமை போகவில்லை. திட்டு வாங்கக்கூட அவளுக்கு ஒரு டியூட்டர் இருக்கிறாரே என்றுதான் தோன்றியது.

மறுபடி முதலிலிருந்து கேட்டாள். வீட்டு ஆளில் யார்? அக்கா சுவரைப் பார்த்தாள். "வேற யாரு இருக்கா? இவதான். ஆனா பேசவே மாட்டாளே. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

சுராயா பேனாவை மூடிவிட்டாள். "லூர்து, நீ வேணாம்னா வேணாம். ஆனா உள்ள வந்தா நீதான் கேட்டுக் கேட்டு அக்காவுக்குச் சொல்லணும். டாக்டரம்மாவா இருந்தாலும் கேக்கணும். முடியுமா?"

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கை மட்டும் வயிற்றின் மேல் இருந்தது.

வரும் ஞாயிறு பூசையில் எங்களுக்காக வேண்டிக்கொள்வதாகப் பேட்ரிசியா அக்காவின் சிநேகிதிகள் சொல்லியிருக்கிறார்கள். நீயும் உன் மாரியம்மனிடம் சொல். அக்காவுக்காக வேண்டிக்கொள், பிள்ளைக்காக வேண்டிக்கொள். மூன்றாவதாக யாருக்காக என்று உனக்கே தெரியும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். சுராயாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் மூடிய பேனாவை எடுத்துத் திறந்து அவள் கையில் கொடுத்து, "எழுது" என்றேன்.

உன் பிரியமுள்ள,
லூர்துராணி