அது எந்தப் பிரிவின் லாரி

பிப்ரவரி 9

தலைமையகத்தில் இன்று புதிய சுவர்ப்படம் மாட்டினார்கள். நம் நாட்டில் முகாமிட்டிருக்கும் நட்பு நாட்டுப் படையின் அமைப்பு முழுவதும் ஒரே தாளில். உச்சியில் அவர்களுடைய ஜெனரல். கீழே மூன்று டிவிஷன்கள், அவற்றின் கீழே பிரிகேடுகள், பட்டாலியன்கள். ஓரமாகச் சப்ளை, போக்குவரத்து, பொறியியல், மருத்துவம். விமானப்படை மட்டும் தனிக் கட்டம். அது ஜெனரலுக்கே கட்டுப்படாதாம், நேராக அவர்கள் தலைநகருக்குத்தான். நம் ராணுவத்தை ஒரு புள்ளிக்கோடு போட்டுப் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

"புள்ளிக்கோடுன்னா என்ன சார்?" என்று நம் கர்னலிடம் கேட்டேன்.

"நம்மகிட்ட ஆலோசனை கேப்பாங்கன்னு அர்த்தம்மா."

"கேப்பாங்களா?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் நம் ராணுவத்தில் ஹவில்தார் ஆயிற்றே. "விருந்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுச் சாவியையும் வாங்கிக்கிட்ட கதைதான்" என்றார். எதுவும் புரியாமலே மகள் குட்டியும் கூடச் சிரித்தாள்.

பிப்ரவரி 13

தெருமுனை டெய்லரின் மனைவி இறந்துவிட்டாள். இருவரும் ஸ்கூட்டரில் வந்து சிக்னலில் நின்றிருக்கிறார்கள். பின்னால் வந்த நட்புப் படை லாரி இடித்துத் தள்ளிவிட்டது. அவருக்குக் கை முறிந்தது. அவள் அங்கேயே. போன வாரம்தான் என் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, "கொஞ்சம் பூசினாப்பல இருக்கீங்க, அக்கா" என்று கிண்டல் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் டெய்லர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அங்கதானே மொழிபெயர்க்கிற வேலை பாக்குறீங்க. அது யாரு லாரின்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா."

பிப்ரவரி 18

டெய்லரை அழைத்துக்கொண்டு முகாம் முழுக்கச் சுற்றினேன். லாரி எங்களுடையதுதான், ஆனால் அன்று பொறியியலுக்குக் கொடுத்திருந்தோம் என்றது போக்குவரத்துப் பிரிவு. வேலை எங்களுடையது, ஓட்டியவன் இரண்டாம் டிவிஷன் ஆள் என்றது பொறியியல். ஆள் எங்கள் ஆள்தான், சாலையில் நடப்பதெல்லாம் காவல் பிரிவின் பொறுப்பு என்றது டிவிஷன். காவல் பிரிவில் இரு நாட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, உங்கள் அரசைக் கேளுங்கள் என்றார்கள். ஒருவர்கூடக் கடிந்து பேசவில்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அடுத்த கட்டடத்துக்கு வழியும் காட்டினார்கள்.

வெளியே வந்ததும் டெய்லர் கேட்டார்: "அப்ப அவள இடிச்சது யாருமே இல்லையாம்மா?"

இதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 24

இரு தரப்பும் சேர்ந்து விசாரணை நடத்தப் போகிறார்களாம், மார்ச் நாலு. நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

மாலையில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நம் அரசின் பாதுகாப்புத் துறை. பெயர் சொல்லவில்லை. அவ்வளவு மெல்லப் பேசுகிறார், குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"டெய்லர் 'நின்னுக்கிட்டு இருந்தோம்'னு சொல்லுவாரு. நீங்க அவங்க மொழியில 'போய்க்கிட்டு இருந்தோம்'னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதான்."

"அது பொய்யில்லையா சார்?"

"மொழிபெயர்ப்புல கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்மா. அவங்க படை இங்க இருக்கறதாலதான் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் வாலைச் சுருட்டிக்கிட்டுக் கிடக்கறான். ஒரு விபத்துக்காக அவங்களோட நமக்குக் கசப்பு வேணுமா?"

எழுந்தபோது, "வீட்டுக்காரர் எந்த ரெஜிமென்ட்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 25

யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. காற்று.

பிப்ரவரி 27

குட்டி ஸ்கூல் விட்டு வரும்போது கையில சாக்லேட். "மெதுவாப் பேசுற மாமா குடுத்தாரும்மா." பிடுங்கி எறிஞ்சிட்டேன். குழந்தை தேம்பித் தேம்பி அழுதா. நானும்தான். எம் பொண்ணு எந்த ஸ்கூல்னு அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு வார்த்தை – சொல்லித் தொலைச்சா என்ன? யாருக்குத் தெரியப் போவுது?

மார்ச் 1

அவர் பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். போட்டதற்கே போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ என்ன சொன்னாலும் அந்தம்மா திரும்பி வரப்போறதில்ல."

"அப்ப மாத்திச் சொல்லிடவா?"

"அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படி?"

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "மாத்திச் சொல்லுன்னு என் வாயால வராது. ஆனா எனக்கு பயமா இருக்குடி."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

மார்ச் 4

எழுதிவிடுகிறேன். நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

நீள மேசை. ஒரு பக்கம் அவர்களுடைய மேஜரும் அதிகாரிகளும், எதிரே நம் கர்னல். மெல்லப் பேசுகிறவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டிய சிப்பாயையும் கூட்டி வந்திருந்தார்கள். சின்ன வயசு. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

டெய்லர் சொன்னார்: "சிக்னல்ல நின்னுக்கிட்டு இருந்தோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்தேன். நின்றுகொண்டிருந்தோம் என்றே சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மேஜர் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அந்தச் சிப்பாய் உடைந்து அழ ஆரம்பித்தான். அவன் மொழியில் கடகடவென்று கொட்டினான்: அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். நான் தூங்கிவிட்டேன். ஓட்ட முடியாது, தூக்கம் வருகிறது என்று கேப்டனிடம் கெஞ்சினேன். பாலத்துக்குக் கம்பி போயாக வேண்டும், ஓட்டு என்றார்.

மேஜர் கையை உயர்த்தினார். "இதை மொழிபெயர்க்கத் தேவையில்லை."

டெய்லர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா சொல்றான் அவன்? எதுக்கு அழுவுறான்?"

ஒரு வார்த்தைக்குத்தான் நான் தயாராகிப் போயிருந்தேன். இதற்கு இல்லை. குட்டியின் ஞாபகம் வந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சிப்பாய் டெய்லரை நோக்கிக் கைகூப்பினான். அது எதற்கென்று தெரியாமல் இவர் திகைத்து நின்றார். சொன்னேன். ஒன்று விடாமல் நம் மொழியில் சொன்னேன். கர்னல் தலையைக் குனிந்துகொண்டார். டெய்லர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றார்.

மெல்லப் பேசுகிறவர் எப்போது வெளியே போனார் என்று நான் பார்க்கவில்லை.

மார்ச் 6

முகாம் வாசலிலேயே என் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இனி வேலைக்கு வர வேண்டாமாம். காவலுக்கு நின்ற புது ஆள் என்னைத் தெரியாதவன்போல் பார்த்தான். உண்மையிலேயே தெரியாதவன்தான்.

மார்ச் 19

அவருக்கு மாற்றல். எல்லைக் காவல் சாவடி. உடனே கிளம்ப வேண்டும்.

"நான் பட்டாளத்துக்காரன். எல்லைக்குப் போகாம எங்க போவேன்?" என்று குட்டியைத் தூக்கிச் சுற்றினார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 11

இரண்டாம் டிவிஷனைக் கலைத்துவிட்டார்களாம். ஆட்களை மற்ற இரண்டிலும் பிரித்துச் சேர்த்தாயிற்று. டெய்லர் விசாரிக்கப் போனால், அந்தப் பெயரில் இங்கே பிரிவே கிடையாது என்கிறார்களாம். அந்தப் பையனை எங்கே அனுப்பினார்கள்? ஒருவருக்கும் தெரியவில்லை, அல்லது சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஒரு டிவிஷனையே கலைக்க இத்தனை சுலபம் என்றால், நான் எம்மாத்திரம்?

ஜூன் 2

தெருவில் ஜீப் நின்றது. குட்டியை வெளியே விடவில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையாம்.

செப்டம்பர் 16

நட்புப் படை மீது வழக்குப் போட முடியாது, அவர்களை அழைத்து வந்த நம் சர்க்கார் மீது போடலாம் என்று சொல்லும் ஒரு வக்கீலம்மா டெய்லருக்குக் கிடைத்தார். இன்று நான் சாட்சி. வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று செருப்பு மாட்டும்வரை நினைத்தேன்.

கோர்ட்டில் கடைசி வரிசையில் மெல்லப் பேசுகிறவர். என்னைப் பார்த்து, தெரிந்தவர்போல் தலையசைத்தார். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிப்பாய் சொன்னதை அப்படியே சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டார். வழக்கைத் தள்ளிப் போட்டார்கள்.

மாலை எல்லையிலிருந்து அவர் பேசினார். வருவதாக இருந்த லீவை இன்று மத்தியானம் ரத்து செய்துவிட்டார்களாம். காரணம் சொல்லவில்லையாம். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"போனியா?"

"போனேன்."

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

மூக்கை உறிஞ்சினேன்.

"அழுவுறியா?"

"இல்ல, வெங்காயம் நறுக்கறேன்."

"அங்க வெங்காயம் நறுக்குனா இங்க எனக்கு ஏண்டி கண்ணு எரியுது?" என்றார்.