லோஜனாவின் காதுக்குள்

ஆகஸ்ட் 4, திங்கள்
லோஜனா இன்று பையை மாட்டினாள், சப்பாத்தைக் கழற்றினாள், பாயில் போய் இருந்தாள். எல்லாம் தானாகச் செய்தாள் என்று டீச்சர் ரேச்சல் கைதட்டினா. சிறப்புத் தேவையுள்ள இந்த எட்டு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து உதவத்தான் பெப்ரவரியில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். செய்யவேண்டியதன் படத்தைக் காட்டி, அவள் தானாகச் செய்ய விட்டு, பத்து எண்ணும்வரை பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் முறை. பத்து எண்ண யாருக்குப் பொறுமை? படத்தைப் பிடித்தபடி, செய்யவேண்டியதை அவள் காதுக்குள் தமிழில் சொல்லிவிடுவேன். ரேச்சலுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 7
லோஜனாவின் தகப்பன் யசீகரன், மங்கரேப் பகுதியில் வேலை முடிந்து, அவளைக் கூட்டிப்போக வந்தார். "நீங்கள் வந்தாப்பிறகுதான் அக்கா, பிள்ளை சொல்வழி கேக்கிறாள்." பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 12
காய்ச்சல். லீவு.

ஆகஸ்ட் 13
நேற்றுத் தீ ஒத்திகையாம். மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் மைதானத்துக்குப் போக, லோஜனா மேசைக்குக் கீழே. ரேச்சல் படம் காட்டி, கெஞ்சி — அசையவில்லையாம். இரண்டு பேர் தூக்கி வந்தார்களாம். "உன்னோடு எல்லாம் செய்கிறாளே?" என்று ரேச்சல் கேட்டா.
உண்மையான நெருப்பெண்டால்? ஐயோ, நான் என்ன செய்துவைச்சிருக்கிறன்?

ஆகஸ்ட் 15
காதுக்குள் சொன்னதைச் சொல்லிவிட்டேன். ரேச்சல் ஏசவில்லை. "முதலே சொல்லியிருந்தால் அந்தச் சொற்களை நானும் படித்திருப்பேனே" என்றா. ஏசியிருக்கலாம்.

ஆகஸ்ட் 18
ரேச்சல் தமிழில் "எழும்பு" என்றா. திருத்தமாகத்தான் சொன்னா. லோஜனா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
பின்னேரம் யசீகரனைச் சொல்லச் சொன்னோம். அதற்கும் என்னைத்தான் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வீட்டில நாங்கள் சொல்லுறேல்லை அக்கா. எல்லாம் நாங்களே செய்து விடுறது."
அவள் கேட்டது தமிழையும் இல்லை, என் குரலைத்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிஞ்சுது.

ஆகஸ்ட் 21
இனி வாய் திறப்பதில்லை. பத்து எண்ணினேன். இருபது. ஒன்றும் நடக்கவில்லை. அழுதாள். நானும் கழிவறையில் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 29
அடுத்த தவணை என்னை வேறு வகுப்புக்கு மாற்றுகிறார்கள். இன்னும் மூன்று கிழமை.
இன்று மதிய மணி அடித்தது. சாப்பாட்டுப் படத்தைக் காட்டினேன். மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். லோஜனா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்ட வந்து, இரண்டு விரலால் என் உதட்டைப் பிரித்து, அதில் தன் காதை வைத்தாள்.
நான் சொல்லவில்லை.