உலக்கையில் ஒரு கிட்டார்

2007 ஜனவரி 9, செவ்வாய்

காலையில் உறைபனி. வாசலில் கவிழ்த்து வைத்த குடத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. பத்து மணிக்குத்தான் வெயில் அட்டுவம்பட்டிக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் தேவகுமாரி எழுதுகிறாள். அவள் துணி துவைக்கப் போகும் ஓட்டலில் கொடுத்த டைரி இது. நான் சொன்னதை மாற்றக் கூடாது, அவளைப் பற்றிச் சொன்னாலும் எழுத வேண்டும் என்று பேச்சு. "நல்லதாச் சொன்னா எழுதுறேன்" என்கிறாள். இதையும் எழுதிவிட்டாள்.

ஜெயச்சந்திரன் பேஸ் கிட்டாரை விற்றுவிட்டான். என் மகன். முப்பத்தாறு வயது. பாட்டுக் கச்சேரிக் குழுவில் பதினைந்து வருடம் வாசித்தான். கோயில் திருவிழா, கல்யாணம், கிறிஸ்துமஸ் வந்தால் சர்ச். கச்சேரி இல்லாத நாளில் டைல்ஸ் ஒட்டுவான். போன ஆகஸ்டில் டைல்ஸ் வெட்டுகிற மிஷினில் இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் போயின. கம்பியை அழுத்துகிற கை அது. இப்போது ஏரிக்கரையில் வண்டி நிறுத்துகிற இடத்தில் சீட்டுக் கிழிக்கிறான்.

யாருக்கு விற்றாய் என்று கேட்டேன்.

"வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு" என்றான்.

ஜனவரி 11, வியாழன்

பனி. சந்திரன் என்னோடு பேசவில்லை. அவன் யாரோடும் பேசுவதில்லை என்பதால் இதைத் தனியாகக் குறையாகச் சொல்ல முடியாது.

ஜனவரி 21, ஞாயிறு

முதல் பஸ்ஸில் பண்ணைக்காடு போய் வந்தேன். தேவகுமாரிக்கு மட்டும் தெரியும்.

அங்கே காப்பித் தோட்டத்துக்குள் குருநாதன் ஆசாரியின் பட்டறை. வயலின், கிட்டார் பழுது பார்ப்பார். கேட்டால் புதிதாகவும் செய்து தருவார். சந்திரனின் கிட்டாருக்கு இரண்டு முறை கழுத்து நிமிர்த்திக் கொடுத்தவர். விபத்து அவர் காதுக்கு எட்டவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. "தம்பி எப்படி இருக்காப்ல? ரொம்ப பிசியோ?" என்றார்.

நான் யோசித்து வைத்திருந்தது இதுதான். வலது கையில் ஐந்து விரலும் இருக்கின்றன. கையை மாற்றிக்கொண்டால்? வலது கை கம்பியை அழுத்தட்டும். இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் மிச்சம். சுண்டி வாசிக்க இரண்டு போதும். 1988 டிசம்பரில் ஒரு வெள்ளைக்காரப் பையன் அப்படி மாற்றிப் பிடித்து வாசித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பச்சை ஸ்வெட்டர், முழங்கையில் ஓட்டை. அந்த மாதிரி மறுகைக் கிட்டார் நம் பக்கத்துக் கடையில் கிடைக்காது. சொல்லித்தான் செய்ய வேண்டும்.

செய்வதுதான் செய்கிறோம், அவன் ஆசைப்பட்டதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். 1996 மே மாதம், மலர்க் கண்காட்சி நடந்த வாரம், ஒரு வெளிநாட்டுக்காரர் தன் பேஸை இவன் கையில் கொடுத்திருக்கிறார். கழுத்தில் குறுக்கே பதிக்கிற கம்பிகள் இல்லாதது. வீட்டுக்கு வந்து தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் சொன்னான்: "தடுப்பே இல்லப்பா. வெறும் கட்டை. விரல் வழுக்கிட்டே போகுது. மனுசன் அழுற மாதிரி கேக்குது." பிறகு அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை. நான் மறக்கவும் இல்லை.

குருநாதன் கையை விரித்தார். "ஃபிரெட் இல்லாததா? அப்ப கழுத்து மேல ஒட்டுற பலகை கருங்காலியா இருக்கணும் பெரியவரே. வேற மரம்னா கம்பி அரிச்சிரும். கருங்காலிக்கு நான் எங்க போவேன்?"

"எங்க வீட்ல ஒரு ஒலக்கை கெடக்கு" என்றேன்.

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எவ்வளவு பருமன் என்று கேட்டார்.

என் சாவுச் செலவுக்கென்று வைத்திருந்ததை முன்பணமாகக் கொடுத்தேன். செத்தவனை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், எப்படியும் எடுத்துவிடுவார்கள்.

வெற்றிலை பாக்கு வைத்து, சூடம் காட்டி, உடம்புக்கான பலாப் பலகையில் அவர் முதல் உளி போட்டார். அப்போது நான் விரல் போனதையும் கை மாற்றுவதையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல் உளி விழுகிற இடத்தில் குறை பேசக் கூடாது. சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தில், தொட்டில் செய்யச் சொல்லப் போனால் முன்னே செத்த பிள்ளையைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம்.

கை அளவுக்கு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று கொண்டுபோயிருந்தேன். சந்திரன் அசந்து கிடந்தபோது அவன் வலது கையில் எடுத்தது. எந்தக் கை என்று குருநாதன் கேட்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

உலக்கையைச் சாக்கில் சுற்றினேன். தேவகுமாரி பார்த்துவிட்டாள்.

"அத்தை ஒலக்கையவா? அவங்க இருந்திருந்தா அதை ஒங்க மண்டையிலேயே போட்டிருப்பாங்க மாமா."

போட்டிருக்க மாட்டாள். என் வீட்டுக்காரி குஞ்சம்மாளுக்கு அந்த உலக்கையைக் கண்டால் ஆகாது. 1962-இல் பதுளைச் சந்தையில் நான் வாங்கினது. தோள் எலும்பு இறங்குகிறது, வேறு வாங்கித் தா என்று சாகிற வரை சொன்னாள். 1975-இல் ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது சாமானைச் சோதித்த அதிகாரி, இது என்ன ஆயுதமா என்று கேட்டார். "இந்த ஆளுக்கு ஆயுதந்தாங்க தொரை" என்று என்னைக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

மிக்ஸி வந்த பிறகு அது மூலையில் நின்றதுதான்.

மார்ச் 4, ஞாயிறு

இரும்புப் பூணைக் கழற்றிவிட்டு உலக்கையை நெடுக அறுத்தார்கள். ரம்பம் இரண்டு முறை சூடேறி நின்றது. பட்டறை முழுக்கக் கரித்தூள். மூன்று விரல் அகலத்தில் ஒரே பலகையாக வந்தது. எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் அதில் குருநாதன் முகம் தெரிந்தது.

"வாசிச்சா கம்பிக்கு அடியில கோடு விழும் பெரியவரே. கருங்காலின்னாலும் விழும். வாசிக்காட்டி தூசி விழும். ரெண்டுல ஒண்ணு."

இன்று கழுத்து மரத்துக்கு முதல் உளி. மறுபடியும் சூடம். இன்றும் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 22, ஞாயிறு

சீசன் கூட்டம். ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சந்திரன் வாசித்த குழுவின் தலைவர் திருமலைச்சாமி வண்டியில் வந்து இறங்கினார்.

"ஏலே சந்திரா, சும்மா மேடையில வந்து நில்லுலே. தாளம் தட்டு, போதும். நீ இல்லாம பயலுக ஆளுக்கொரு பக்கம் ஓடுறானுங்க."

சந்திரன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். "வண்டிய அந்த ஓரமா நிறுத்துங்கண்ணே" என்றான். வலது கையால்தான் கிழித்தான். இடது கை எப்போதும் ஸ்வெட்டர் பைக்குள்.

என் காது மந்தம். இடி இடித்தால்கூடப் பாதிதான் கேட்கும். இதெல்லாம் மட்டும் எப்படியோ முழுதாகக் கேட்டுவிடுகிறது.

மே 13, ஞாயிறு

உடம்பு வெட்டி முடிந்திருந்தது. கழுத்தும் பசை போட்டுப் பூட்டியாகிவிட்டது. இனி முதல் உளி என்று எதுவும் மிச்சமில்லை. சொன்னேன்.

குருநாதன் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"எத்தனை விரலு?"

"ரெண்டு. போன ஆகஸ்ட்ல."

"நாலு தடவை வந்தீங்க. டீ குடிச்சீங்க. மிளகு வெலையப் பத்திப் பேசினீங்க. இதச் சொல்ல வாய் வரலையா?"

"ஆரம்பிக்கிற எடத்துல குறை பேசப்படாதுன்னு—"

"இப்ப அந்தக் குறை கட்டையில போயி ஒக்காந்திருக்குய்யா."

கழுத்தின் அடிவரைக்கும் கை எட்டுவதற்காக உடம்பின் கீழ்ப்பக்கத்தில் ஒரு வளைவு வெட்டுவார்களாம். மாற்றிப் பிடித்தால் அந்த வளைவு மேலே போய்விடும். கம்பியை முறுக்குகிற கீ நான்கும் தரையைப் பார்க்கும். வேறு உடம்பு செய்யலாமா என்று கேட்டேன். பலா இருக்கிறது, ஆனால் பூட்டிய கழுத்தைப் பிரித்தால் கருங்காலி பிளக்கும் என்றார். இன்னொரு உலக்கைக்கு நான் எங்கே போவேன்?

"கம்பிய மாத்திக் கட்டித் தர்றேன். வாசிக்கலாம். பாக்குறவன் சிரிப்பான், அவ்வளவுதான்." உப்புத்தாளை மறுபடி எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஆனா தடுப்பும் கெடையாது. வலது கைக்கு எடம் ஒண்ணும் தெரியாது. காதை வச்சு ஒவ்வொண்ணாத் தேடணும், பச்சப்புள்ள மாதிரி. இந்த வயசுல யாரு ஒக்காந்து தேடுவா?"

யாரும் தேட மாட்டார்கள். எனக்கும் அது தெரிகிறது.

மே 15, செவ்வாய்

ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம். என்னை நானே திட்டிக்கொண்டு கிடக்கிறேன். ஏன் சொல்லலை? ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுறியே, இத ஏன்யா சொல்லலை?

ஜூலை 8, ஞாயிறு

கிட்டாரைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். மடியில் பிள்ளையை வைத்திருந்த ஒரு பெண், "பெரியவரே, பொணமா?" என்று கேட்டாள். அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது.

மத்தியானம் சந்திரன் சாப்பிட வந்தான். போர்வையைப் பிரித்துக் காட்டினேன். நின்றபடியே பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். தடுப்பு இல்லை என்று தெரிந்ததும் முகத்தில் ஒன்று வந்து போனது. பிறகு தடித்த கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தான்.

"பீச்சாங்கைக்கா?"

"ஆமாடா. கைய மாத்தி—"

"அன்னைக்குக் கட்டிப்போட்ட கைக்கு இன்னைக்குக் கிட்டாராப்பா?"

சோறு தின்னாமல் போய்விட்டான்.

அவனுக்கு நினைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அப்போது அவனுக்கு நாலு வயது. கப்பலை விட்டு இறங்கி மண்டபம் முகாமில் இருந்தோம். சோற்று வரிசையில் தட்டை இடது கையால் நீட்டினான். எல்லாவற்றுக்கும் அவனுக்கு அந்தக் கைதான் முந்தும். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், சிலோன்காரன் வளர்ப்பைப் பாரு என்றார்கள். மறுநாளிலிருந்து அந்தக் கையைச் சாக்கு நூலால் இடுப்போடு கட்டினேன். நாற்பது நாள். குஞ்சம்மாள் அவிழ்ப்பாள், நான் கட்டுவேன். வலது கைக்காரனாக ஆக்கித்தான் முகாமை விட்டு மலைக்குக் கொண்டுவந்தேன்.

இதை எழுத வேண்டுமா மாமா என்று தேவகுமாரி கேட்கிறாள். எழுது.

ஜூலை 10, செவ்வாய்

சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். அவன் அந்தப் பக்கம் திரும்பாமல் சட்டை மாட்டுகிறான். சின்ன அறை அது. திரும்பாமல் இருக்க நிறையப் பாடுபட வேண்டும்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

தினமும் அவன் வேலைக்குப் போன பிறகு துடைக்கிறேன். கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். பலகை மொழுக்கென்று இருக்கிறது. தூசி மட்டும் வருகிறது.

விரல் போய் ஒரு வருடம் ஆகிறது.

செப்டம்பர் 30, ஞாயிறு

தூசி.

அக்டோபர் 10, புதன்

நெஞ்சில் சளி. எழுந்திருக்க முடியவில்லை. அடுப்படியில் சூடு இருக்கிறது என்று தேவகுமாரி என் படுக்கையை இங்கே போட்டுவிட்டாள். மழை விட்டபாடில்லை. துடைக்கவும் யாரும் இல்லை, கிடக்கட்டும்.

அக்டோபர் 31, புதன்

குருநாதன் போன் செய்தார். தேவகுமாரி என் காதில் வைத்துப் பிடித்தாள்.

"பெரியவரே, ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வந்திருக்கு. பீச்சாங்கைப் பழக்கம். ஃபிரெட் இல்லாதது கேக்குது. வளைவு மாறியிருந்தாலும் பரவாயில்லையாம். தம்பி தொடலைன்னா, தொடுற ஆளுகிட்டப் போகட்டுமே."

அவர் சொல்வதில் தப்பில்லை. ஒன்பது மாதமாக நான் செய்த காரியத்தில் தப்பில்லாத பேச்சு இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரச் சொன்னேன். போனை வாங்கும்போது தேவகுமாரி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நவம்பர் 3, சனி

கொடுக்கிற பொருளை அழுக்காகக் கொடுக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்து இன்று சுவரைப் பிடித்து நடந்து முன்னறைக்குப் போனேன். துணியை எடுத்தேன்.

அடிப்பக்கத்தில் தூசி இருந்தது. கழுத்தில் இல்லை.

தேவகுமாரி துடைத்திருப்பாள் என்று நினைத்தேன். விரலை விட்டுத் தடவினேன். மெல்லிய கம்பிகள் மூன்றுக்கும் அடியில் மொழுக்கென்று இருந்தது. தடித்த கம்பிக்கு அடியில் விரல் தடுக்கியது. நகத்தை வைத்துப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். தலைப்பக்கத்தில் தொடங்கி ஒரு சாண். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

வயர் மாட்டாத பேஸ் என்ன சத்தம் போடும்? கொசு அளவு. நானோ அடுப்படியில், இந்தக் காதோடு.

யார் வாசித்தது என்று தேவகுமாரியிடம் கேட்டேன். இதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். தலை நிமிரவில்லை.

"குருநாதனுக்குப் போன் போடு தாயி. நாளைக்கு வர வேணாம்னு சொல்லு."

"வெள்ளனே சொல்லிட்டேன் மாமா."

"கோடு ஒரு சாண்தானே இருக்கு?"

"அதுக்கு மேல அவருக்கு இன்னும் கை வரலை மாமா" என்றாள்.