பஸ் தரிப்பில் பதினொரு பேர், காரில் ஒருத்தி

உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது, மச்சாள்.

கடிதம் வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. இன்னும் சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. பெரிய வெள்ளை உறை, மூலையில் கொலிச்சின் சின்னம். அதைக் கண்டதும் என் மகளுக்குத்தான் வந்திருக்கிறது என்று நினைத்து, பெயரைக்கூடப் பார்க்காமல் வாசலிலேயே கிழித்தேன். வாழ்த்துச் சொல்லும் முதல் வரி மட்டும் கண்ணில் பட்டது. "துவா, கிடைச்சிட்டுது!" என்று மாடிப்படியைப் பார்த்துக் கத்தினேன். அவள் இறங்கி வந்து கடிதத்தை வாங்கி வாசித்தாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

"அம்மா, இது எனக்கில்லை. இது மாமிக்கு."

உங்களைத் தகனம் செய்து ஏழு கிழமை. முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்து, நினைவு மலரும் அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு, செப்டெம்பரில் தொடங்கும் பத்திரிகைத்துறைப் படிப்புக்கு உங்களை வரவேற்கிறோம் என்று ஒரு கடிதம். ஐம்பத்து நான்கு வயதில், முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வந்து, எங்கள் வீட்டுக் கீழ்த்தளப் பேஸ்மென்றில் கால் நீட்டிப் படுத்திருந்த நீங்களா?

"நீ போட்ட விண்ணப்பம் மாறிக்கீறி வந்திருக்கும்" என்றேன் துவாவிடம்.

"ஐ நெவர் அப்ளைட், அம்மா. இந்தப் படிப்பை ஜனவரியிலேயே விட்டிட்டன். எக்கவுன்ரிங் கணக்குப் படிப்புக்கு மட்டும்தான் போட்டனான். மாமிக்குத் தெரியும்."

ஒரே நிமிடத்தில் இரண்டாவது அடி. கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். துவா ஜனவரியிலேயே விட்டுவிட்டாள் என்றால், பெப்ரவரியில் அந்தப் பனிக்குள் நானும் நீங்களும் யாருக்காகக் கொலிச் பார்க்கப் போனோம்?

தொடங்கியது துவாவுக்காகத்தான். போன ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தான் பத்திரிகைத்துறை படிக்கப்போவதாகச் சொன்னாள். உங்கள் தம்பி, அதுதான் என் மனுஷன், கையில் எடுத்த சம்பலை அப்படியே வைத்துவிட்டார். "பேப்பர் வேலையோ? அந்த வேலையில இருக்கிறவையே வெளியில நிக்கினம். அதுவும் யூனிவேசிற்றி இல்லாமல் கொலிச்சுக்கோ? சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார். துவா என்னைப் பார்த்தாள். நான் எழும்பிப்போய் சொதியைச் சூடாக்கினேன். நீங்கள்தான் சொன்னீர்கள்: "தம்பி, வேண்டாமெண்டு பிறகும் சொல்லலாம். முதல் நல்ல இடம், கட்டுப்படியான இடம் எதெண்டு விசாரிச்சுச் சொல்லுறன். வதனி காரோட்டட்டும்."

அன்றைக்கு நான் சாரதியானேன். உங்களுக்குக் கார் ஓடத் தெரியாது. விசாரிக்கத் தெரியும். அது ஊருக்கே தெரியும். கோயிலில் அன்னதானத்துக்கு உட்கார்ந்தால்கூட, பூசணிக்காய் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டுவிட்டுத்தான் கையை நனைப்பீர்கள்.

முதலில் போன தனியார் கொலிச்சை நான் மறக்கமாட்டேன். கண்ணாடிக் கட்டடம். வாசலிலேயே கோப்பிக் குவளையும் துணிப் பையும் தந்தார்கள். எனக்கு அந்த இடம் நன்றாகப் பிடித்துவிட்டது. கோட் போட்ட ஒருவர் அரை மணித்தியாலம் படம் காட்டினார். கேள்வி இருக்கிறதா என்றதும் உங்கள் கை எழும்பியது. போன வருடம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர் என்றீர்கள். கமராவைக் கொலிச் தருமா, பிள்ளை வாங்க வேண்டுமா என்றீர்கள். மூன்றாவதாக, படிப்பிக்கிறவர் கடைசியாக எப்போது ஒரு செய்தி எழுதினார் என்று கேட்டீர்கள். அந்த மனிதரின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. நல்ல கேள்வி, நல்ல கேள்வி என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். வெளியே வந்து காரில் ஏறியதும் சொன்னீர்கள்: "நல்ல கேள்வியெண்டு சொல்லுறவனிட்டப் பதில் இல்லை, வதனி." பிறகு நீங்கள் விபரத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அங்கே கிடைப்பது பட்டமே இல்லை, ஒரு சான்றிதழ் மாத்திரம் என்று. குவளை இன்னும் வீட்டில் இருக்கிறது. நான் அதில்தான் கரண்டி போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படி ஐந்து இடம். நான்காவது, சைலன்சர் மாற்றும் கடைக்கு எதிரே இருந்த பழைய செங்கல் கட்டடம். குவளையும் இல்லை, பையும் இல்லை. நரைத்த தலைமயிரை ஒரு பென்சிலால் குத்திக் கட்டியிருந்த பெண்தான் அந்தப் படிப்புக்குப் பொறுப்பு. உங்கள் மூன்றாவது கேள்விக்கு அவர் சிரித்தார். "போன செவ்வாய்க்கிழமை" என்றார். நீங்கள் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்தேன். இரண்டு வருடம் இங்கே படித்து, பிறகு யூனிவேசிற்றிக்கு மாறிப் பட்டம் எடுக்கலாம், வீட்டிலிருந்தே இரண்டு பஸ்ஸில் வரலாம், கமராவும் இரவல் தருவார்கள் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். துவாவுக்கு நல்லது என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறீர்கள் என்று நான் நினைத்தேன். என்னை என்ன சொல்வது!

ஆனாலும் நீங்கள் அதோடு விடவில்லை. ஒவ்வொரு கொலிச்சுக்கும் இன்னொரு நாள் போய், வெளியே பஸ் தரிப்பில் நின்று பிள்ளைகளை விசாரித்தீர்கள். அந்தக் குளிருக்குள் இந்த மனுஷிக்கு என்ன விசரா என்று நான் காருக்குள் ஹீற்றரைக் கூட்டிவிட்டு இருந்தேன். ஒருநாள் வாய் விட்டே கேட்டேன்.

"உள்ளுக்க இருந்து கதைக்கிறவைக்குச் சம்பளம், வதனி. பஸ்ஸுக்கு நிக்கிறவைக்குக் குளிர். குளிருக்க நிக்கிற பிள்ளை பொய் சொல்ல மினக்கெடாது."

உங்கள் மடியில் மரக்கறி ரோல்ஸ் சுற்றிய பார்சல் இருந்தது. கதைத்து முடித்தபிறகுதான் பிள்ளைகளுக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பீர்கள். முதலிலேயே கொடுத்தால் நன்றாகக் கதைப்பார்களே என்றேன். "கேக்க முன்னம் குடுத்தால் அது லஞ்சம். கேட்ட பிறகு குடுத்தால் அது பண்பு" என்றீர்கள்.

அந்தச் செங்கல் கட்டடத்திலிருந்து திரும்பிய ஒரு பின்னேரம், மோர்னிங்சைட் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது என் பக்கம் திரும்பினீர்கள். "வதனி, பிள்ளை இதைப் படிக்கிறதைப் பற்றி உம்மட அபிப்பிராயம் என்ன?"

"எனக்கென்ன அபிப்பிராயம் மச்சாள், நான் றைவர்" என்று சொல்லிச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நீலக் குறிப்புக் கொப்பியை எடுத்து ஏதோ எழுதினீர்கள். கடையில் வாங்க வேண்டியதை எழுதுகிறீர்கள் என்று நினைத்து, தேங்காய்ப்பால் முடிந்துவிட்டது, அதையும் எழுதுங்கள் என்றேன்.

மார்ச்சில், சலவை அறையில் விழுந்தீர்கள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நீங்கள் கண் திறக்கவே இல்லை. நினைவு மலருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'அமைதியானவர், எதையும் எதிர்பார்க்காதவர்' என்று எழுதினேன், மச்சாள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கடிதம் வந்த பிறகு அந்த மலரைக் கையால் தொடவே வெட்கமாக இருக்கிறது.

கடிதத்தோடு கையால் எழுதிய ஒரு சிறு துண்டும் இருந்தது. பென்சில் குத்திய அந்தப் பெண்ணுடையது. நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்தையும் தன் வகுப்பில் வாசித்துக் காட்டியதாகவும், வரும்போது கொப்பியைக் கொண்டுவரும்படியும் எழுதியிருந்தார். எந்த இரண்டு பக்கம்? நானும் துவாவும் பேஸ்மென்றுக்கு இறங்கினோம். உங்கள் அறையை நான் இன்னும் ஒதுக்கவில்லை. தலையணைக்கு அருகில் நீலக் கொப்பி, அதற்குள் நீங்கள் அனுப்பியதன் பிரதி, மடித்த இரண்டு தாள்.

துவா கட்டிலில் இருந்து ஆங்கிலத்தில் வாசித்தாள். அந்தக் கொலிச்சின் பஸ் தரிப்பில் நின்ற பதினொரு பிள்ளைகள் சொன்னது. சேர்ந்தவர்களில் பலர் நடுவில் நின்றுவிட்டார்கள் என்று ஒருவன். இரவல் கமராவுக்கு இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும் என்று ஒருத்தி. ஆனால் எழுதியதை வரிக்கு வரி திருத்தித் தருகிறார்கள் என்று மூன்று பேர். அந்தக் கொலிச்சைப் பற்றிய நல்லதையும் கெட்டதையும் எழுதி, அந்தக் கொலிச்சுக்கே விண்ணப்பமாக அனுப்பியிருக்கிறீர்கள். என்ன துணிவு உங்களுக்கு! அதற்கு அவர்கள் இடமும் தந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பிறகு கடைசிப் பந்தி. தமிழில் சொல்கிறேன்: 'தரிப்புக்கு அருகில் ஒரு கார் நின்றது. அதில் ஒரு தாய் இருந்தார். தன் மகள் இதைப் படிப்பதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டேன். தனக்கு அபிப்பிராயம் இல்லை, தான் சாரதி மட்டுமே என்றார். ஐந்து கொலிச்சுக்கும் காரை ஓட்டி வந்தவர் அவர்.'

அவ்வளவுதான். அதற்கு மேல் நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. யார் யாருக்கோ முன்னால் இந்த வரி வாசிக்கப்பட்டிருக்கிறது. துவா தாளை மடித்தாள். நான் கேட்டேன்: "அப்பா வேண்டாமெண்டதாலயோ விட்டனி?"

"அப்பா வேண்டாமெண்டு சொன்னவர், அம்மா. தற் ஐ குட் ஹான்டில், அதைச் சமாளிச்சிருப்பன். நீங்கள் ஒண்டுமே சொல்லேல்லை."

மூன்று நாள் எனக்குச் சமையல் ஓடவில்லை. ஒருநாள் பருப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். உங்கள் தம்பி தயிரை ஊற்றிச் சாப்பிட்டார்.

நான்காம் நாள் காலை கடிதத்தில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். பென்சில் குத்திய அந்தப் பெண்தான் பேசினார். நீங்கள் வரமாட்டீர்கள் என்றேன். பணம்தான் பிரச்சினை என்றால் உதவித்தொகைக்கு வழி இருக்கிறது என்று அவர் அவசரமாகச் சொல்லத் தொடங்கினார். நான் நடுவில் மறித்து, நீங்கள் இறந்துவிட்டதைச் சொன்னேன். அந்தக் கொப்பிக்காகக் காத்திருந்தேன் என்றார்.

அத்தோடு வைத்திருக்கலாம். உங்கள் தம்பி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபடி பால் தேடிக்கொண்டிருந்தார். என் வாய் தன்பாட்டில் பேசியது. "அந்தக் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது."

அந்தப் பெண்ணின் குரல் உடனே மாறியது. "எந்த இடத்தில்?"

"கடைசிப் பந்தி. அந்தச் சாரதி நான்தான். நான் சொன்னது உண்மையில்லை. எனக்கு அபிப்பிராயம் இருக்கிறது. என் மகள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்." எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுதுகிறார் என்று தெரிந்தது. திருத்தத்தைத் தன் வகுப்பிலும் வாசிக்கலாமா, பெயர் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லலாம் என்றேன். பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

போனை வைத்ததும் உங்கள் தம்பி கேட்டார்: "உமக்கு விருப்பமெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

அவர் பால் பெட்டியை மேசையில் வைத்தார். எனக்கு மட்டும் தெரியும், மச்சாள், நான் சொன்னது பாதி நியாயம்தான். கலியாணம் கட்டிய இந்த இருபத்திரண்டு வருடத்தில் என் அபிப்பிராயத்தைக் கேட்ட ஒரே ஆள் நீங்கள். உங்களுக்குத்தான் நான் பொய் சொன்னேன். நீங்கள் அதை நம்பி எழுதியும் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். குளிருக்க நிற்கிற பிள்ளை பொய் சொல்லாது என்றீர்களே, ஹீற்றர் போட்ட காருக்குள் இருந்தவளை ஏன் நம்பினீர்கள்?

இந்த மாதமும் விண்ணப்பிக்கலாம் என்று துவா பார்த்திருக்கிறாள். உங்கள் தம்பிக்குப் பயம் போகவில்லை. வேலை கிடைக்குமா, வேலை கிடைக்குமா என்று அதே பாட்டு. "என்னட்டக் கேட்டு என்ன? போய் விசாரிப்பம்" என்றேன். அதனால் நேற்றுப் பின்னேரம் மூன்று பேருமாக அந்தச் செங்கல் கட்டடத்துக்குப் போனோம். காரை அவர் ஓட்டினார். ரோல்ஸ் நான் சுற்றியது, உங்கள் கைப்பக்குவம் வராது. நீலக் கொப்பி என் கைப்பைக்குள் இருந்தது. துவா கேட்டாள், கொடுக்கவில்லை. உனக்கு வேறு வாங்கித் தருகிறேன் என்றேன்.

பஸ் தரிப்பில் முதுகுப்பை போட்ட ஒரு பெண்பிள்ளை நின்றாள். நான் கதவைத் திறந்து இறங்கினேன். எனக்குப் பின்னால், கார்க் கண்ணாடியை இறக்கி உங்கள் தம்பி கத்தினார்: "வேலை கிடைக்குமோ எண்டு முதல் கேளும்!"

பதினொரு பேரோடு நீங்கள் நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை எடுத்தேன். மேலே பன்னிரண்டு என்று இலக்கம் போட்டேன். அந்தப் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றாள்.

எனக்காக என்றேன்.