மூன்று பாஷையிலும் ஒரே வசவு

சித்திரை 7, ஞாயிறு
கடும் வெயில். எழுத்து கோணல். நோட்டுக் கோட்டை விட்டு இறங்குகிறது. பிற்பாடு படிக்கத் தடுமாறினால் என்னை நானே பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் எழுதுகிறேன்! எழுபது வயதில் கற்ற எழுத்து! காலையில் பஸ் பலகை: உத்தனப்பள்ளி. ஒரே மூச்சில் படித்தேன்.

இந்த வெயிலில் என் மனைவி ரத்னம்மா ஸ்வெட்டர் போட்டுத் தூங்குகிறாள். முகம் வீக்கம். குரல் கரகரப்பு. போன மாசம் மருத்துவ முகாமில், "ரத்தத்துல கொழுப்பு ரொம்ப ஜாஸ்தி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்கள். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு சின்னக்கா: "குந்திக்கினே தின்னா கொழுப்பு ஏறாதா?" எல்லாரும் சிரிப்பு.

ரத்னம்மா ஆனேக்கல் பக்கத்துப் பெண். கொழுப்பு அவள் கன்னடத்தில் கொப்பு. சின்னக்கா வீட்டுத் தெலுங்கில் கொவ்வு. மூன்றிலும் திமிர் என்றும் அர்த்தம். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறாள். "அங்கயும் போய் திட்டு வாங்கணுமா?" எண்ணெய் நிறுத்தியாச்சு, கடலை நிறுத்தியாச்சு. வெறும் ராகிக்கூழ். அப்படியும் உடம்பு ஊதுகிறது.

10, புதன்
மூட்டம். எழுப்பினேன், எழவில்லை. உடம்பு சில்லென்று. மகன் முருகேசன் ஷிப்டிலிருந்து ஓடி வந்தான். ஆம்புலன்ஸ். கிருஷ்ணகிரி. வழியெல்லாம் பலகைகள். ஒன்றும் படிக்கவில்லை.

11, வியாழன்
டாக்டரம்மா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க தைராய்டுன்னு ஒரு சுரப்பி, தாத்தா. அதுல ஊறுற ஹார்மோன் இருந்தாத்தான் ஈரல் ரத்தத்துக் கொழுப்பைக் கழிக்கும். பாட்டிக்கு அது ஊறவே இல்ல. கொழுப்பு தேங்கிடுச்சு. குளிரு, தூக்கம், வீக்கம், எல்லாம் அதாலதான்."
"தின்னதால இல்லீங்களா?"
"இல்ல. முன்னாடியே வந்திருந்தா தினம் ஒரு மாத்திரையோட போயிருக்கும்."
"இப்ப?"
"இதயத்தைச் சுத்தி நீர் கோத்திருக்கு. பார்க்கலாம்."
பார்க்கலாம். எழுத சுலபமான சொல்.

13, சனி
மழை. உள்ளே ஒருத்தரைத்தான் விடுகிறார்கள். காதருகே குனிந்து, கொழுப்பு இல்லடி என்று அவள் பாஷையில் சொன்னேன்: "கொப்பு அல்ல கணே. தைராய்டு." கண் திறக்கவில்லை. விரல் அசைந்த மாதிரி. வெளியே வந்து சொன்னேன். முருகேசன், "விரல்ல மாட்டின ஒயர் ஆடியிருக்கும் நைனா" என்றான்.

சின்னக்கா கம்பளி கொண்டுவந்தாள். "என்ன சீக்காம் மாமா?" எழுதிக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாய்விட்டுச் சொன்னேன். "அப்ப கொழுப்பு இல்லியா?" என்றாள். கம்பளியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தைராய்டு. இன்று கோணாமல் வந்தது. நான் சொன்னது காதில் விழுந்ததா என்று ரத்னம்மாவைக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் எழுதுவேன்.