ஈர இலையைத் தொட்ட கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌகரியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பா சுகம், நாய் சுகம், தக்காளியும் நானும்தான் சுகமில்லை. போனில் நீ கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன் அல்லவா, அது பொய். சொல்ல வாய் கூசியது, அதனால்தான் எழுதுகிறேன்.

பதினைந்து நாளாக வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனால் பரவாயில்லை, இது தூறுவதும் நிற்பதுமாக, வெயிலும் இல்லாமல் காற்றும் இல்லாமல் ஒரே புழுக்கம், இலை காயவே மத்தியானம் ஆகிவிடுகிறது. முதலில் அடியிலையில் எள்ளு எள்ளாகக் கறுப்புப் புள்ளி வந்தது, அப்புறம் அதைச் சுற்றி மஞ்சள், அப்புறம் இலையே கருகித் தொங்கியது, காயெல்லாம் சொறி பிடித்த மாதிரி பொருக்கு. உதிர்ந்த காய் அழுகிக் கிடந்தது, மிதித்தால் செருப்புக்குள் சளி மாதிரி வழுக்கியது. சீ, ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்து, கையை மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் இருக்கிறாரே, நான் கொண்டுபோன இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார், அடித்தேன், ஒரு மண்ணும் நடக்கவில்லை. அந்த ஆளின் சிரிப்பை நினைத்தாலே குமட்டுகிறது.

போன வாரம் வேளாண் அலுவலர் அம்மா வந்து பார்த்தார். இது பூஞ்சை இல்லை, பாக்டீரியா, நீங்கள் அடித்த மருந்து இதை ஒன்றும் செய்யாது, ஈரத்தில்தான் இது பரவும், நனைந்த செடியைத் தொட்டால் கையில் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடும் என்றார். பிறகு, காலையில முதல்ல யாரு உள்ள இறங்குறாங்கன்னு கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, விசில்காரி என்று சொல்லிவிட்டேன். நமக்குக் காய் பறிக்கிறவள்தான், சின்ன வயதில் உனக்கு விசிலடிக்கக் கற்றுக்கொடுத்து என்னிடம் திட்டு வாங்கினாளே, அவளேதான். சொன்னதோடு விட்டேனா, அங்கேயே நின்றிருந்தவளைப் பார்த்து, எல்லோர் முன்னாலும், உன் கையாலதான் என் தோட்டம் நாசமாச்சுன்னு கத்தினேன். நான் ஈரத்துல செடியத் தொட்டதே இல்லக்கா என்று மட்டும் சொன்னாள், வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் செடி பிடுங்கும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு வரிசையிலும் மோட்டார் கொட்டகைப் பக்கம் பன்னிரண்டு செடிதான் நோய், அதற்கு அப்பால் பச்சைப்பசேலென்று நிற்கிறது. விசில்காரி வேலி வரைக்கும் பறிப்பவள். பன்னிரண்டாவது செடியோடு திரும்புகிறவள் யார் தெரியுமா, நான்தான், என் மூட்டு அதற்குமேல் விடாது. நாளைக்கு மழைம்மா, இலையப் பாத்துக்கோ என்று நீ செய்தி அனுப்புவாய், நானும் பொழுது விடிந்ததும் ஓடிப்போய் ஒவ்வோர் இலையாகத் தூக்கித் தடவிப் பார்த்துவிட்டு, அதே கையோடு அடுத்த செடிக்குப் போவேன். உன்மேல் தப்பில்லை, நீ பார்க்கத்தான் சொன்னாய், தொட்டது நான். தொட்டியடியில் சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன், அப்படியும் என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது, அவளைத் திட்டிய வாயை நினைத்தால் அதைவிட. உன் அப்பா வேறு, நோய்க்கு நீதான் பஸ்ஸு, நீதான் கண்டக்டரு என்று சிரிக்கிறார்.

அவள் வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், தப்பு என்மேல்தான் என்று நான் சொல்லி முடிக்கும்வரை திரும்பவில்லை. கடைசியில், வரேன், ஆனா இலை காயிற வரைக்கும் நீங்க உள்ள வரக்கூடாது, நான் கூப்பிட்டா வாங்க என்றாள். சரியென்று தலையாட்டினேன். இப்போது எல்லாம் அவள் சொல்கிறபடிதான். நோய்ச் செடியைச் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோய்க் குழியில் புதைத்தாயிற்று, மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு வேரடியில் மட்டும் விடுகிறோம், வேலையை நல்ல பக்கத்தில் ஆரம்பித்து நோய் வந்த இடத்தை ஒட்டிய செடிகளைக் கடைசியில் தொடுகிறோம், நடுநடுவே கையையும் கத்தரிக்கோலையும் கழுவுகிறோம். அடுத்த தடவை அந்த இடத்தில் தக்காளி கிடையாது, மக்காச்சோளம்தான். வேலிப் பக்கத்துச் செடிகள் தப்பித்துவிடும் என்று நினைக்கிறேன்.

அவள் வந்து மூன்று நாளாகிறது. பறிக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், விசில் மட்டும் அடிப்பதில்லை. நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். லீவில் வரும்போது வீட்டுக்கு வருமுன் அவளைப் போய்ப் பார், மறந்துவிடாதே, நான் கேட்டால் விசில் அடிக்கமாட்டாள், நீ கேட்டால் ஒருவேளை அடிப்பாள். அவள் கவிழ்த்து வைத்த வாளிமேல் வரப்போரம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அதோ, கையை ஆட்டுகிறாள், இலை காய்ந்துவிட்டது போலிருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா